திரையில் ஏர் பிடிப்போர்

உழவு இன்று காட்சிப்பொருளாகிவிட்டது. விளைப்பவன் கடனாளியாய் வரப்பில் நிற்கின்றான். விளைச்சலைப் பற்றி ஒன்றுமறியாத பெயர்பெற்ற முகம் ஒன்று வயலில் இறங்கிச் சேற்றில் வழுக்கி விழுகின்றது. அவ்விழுகையைப் பார்த்து நாடே நகைக்கின்றது. அந்நகைப்பை விற்று ஒரு நிறுவனம் பணம் பண்ணுகின்றது. மேலைநாட்டில் தோன்றிய இத்தொலைக்காட்சித் தொடர்கள் கன்னட நாட்டில் நுழைந்து, தமிழ்நாட்டிற்கும் வந்து சேர்ந்துவிட்டன.

தொலைக்காட்சிப் பொழுதுபோக்கைப் பற்றித் தனித்தமிழ் இதழில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். உழவு போனால் சோறு போகும் என்பது எல்லார்க்கும் தெரியும். உழவு போனால் தமிழிற் பாதி போகும் என்பது பலர்க்குத் தெரியாது. அதனாற்றான் எழுதுகின்றேன்.

முதலில் ஆங்கிலேயர் செய்திருப்பதைப் பார்ப்போம். செரமி கிளார்க்சன் என்பார் அந்நாட்டில் மகிழுந்துகளைப் பற்றிய 'டாப் கியர்' என்னும் நிகழ்ச்சியால் உலகப் பெயர் பெற்றவர், வாய்த்துடுக்கு மிக்கவர், பெருஞ்செல்வர். ஆக்சுபோர்டு வட்டாரத்திலே சாட்லிங்டன் என்னும் சிற்றூரை ஒட்டி ஏறத்தாழ ஆயிரம் குறுக்கம் (ஏக்கர் என்று நாம் பழகிவிட்ட அளவு) நிலத்தை 2008ஆம் ஆண்டில் வாங்கிப் போட்டார். அந்நிலத்தை அவருக்காகப் பயிரிட்டு வந்த உள்ளூர் உழவர் 2019இல் ஓய்வு பெற்றார். 'உழவுதானே, நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று கிளார்க்சன் இறங்கினார். ஓராண்டுக் காலம் ஒளிப்படக் கருவிகள் அவரைப் பின்தொடர்ந்தன. 2021 சூன் 11ஆம் நாள் அமேசான் நிறுவனம் அதனைத் தொடராக வெளியிட்டது. அதன்பின் 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் அடுத்தடுத்த பகுதிகள் வந்தன. பண்ணைக்கு அவர் இட்ட பெயருக்கு நம் வழக்கிற் பொருள் சொல்வதானால் 'ஒன்றுக்கும் உதவாப் பண்ணை' எனலாம். பெயரிலேயே எள்ளல்.

அயலகத்திற் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் பார்க்கச் சொல்லியதால் இத்தொடரைப் பார்த்தேன். எள்ளி எறியலாம் என்று உட்கார்ந்தேன். முழுதும் எறிய முடியவில்லை. உண்மையை உள்ளவாறு உரைப்பதே நம் இயக்கத்தார்க்கு அழகாகலின், அதன் நலத்தை முதலிற் கூறிவிடுகின்றேன்.

கிளார்க்சன் முதலிற் செய்தது, இலம்போர்கினி என்னும் பெயர்பெற்ற நிறுவனத்தின் மாபெரும் இழுவையை (டிராக்டரை) வாங்கியது. அது கொட்டகைக்குள் நுழையவில்லை. அதன் விசைகளில் எழுதியிருந்ததோ செருமன் மொழி. அவர் உழுத சால் கோணிற்று. விதைத்த வரிசை பிறழ்ந்தது. இப்போது பாருங்கள்: அவரிடம் கூலிக்கு வேலை செய்ய வந்த கேலப் கூப்பர் என்னும் உள்ளூர் இளைஞர், இருபது அகவையை அப்போதுதான் கடந்தவர், தம் ஊர் எல்லையைத் தாண்டிப் பெரிதும் போகாதவர், அந்தப் பெருஞ்செல்வரை முகத்துக்கு நேரே திட்டுகின்றார். 'நீர் செய்தது தவறு; இப்படியா வரிசை விடுவது?' என்னும் கருத்துப்படக் கடிந்துகொள்கின்றார். முதலாளி தலைகுனிந்து கேட்கின்றார். தொடர் முழுதும் அறிவு யாரிடம் இருக்கின்றதோ அவரே ஆசான். பணம் யாரிடம் இருக்கின்றதோ அவர் மாணாக்கர். இந்தத் தலைகீழ் மாற்றத்தை அத்தொடர் மறைக்கவில்லை. அதனையே உயிராகக் கொண்டுள்ளது.

அப்பண்ணையின் கல் வேலிகளைக் கட்டும் செரால்டு என்னும் முதியவர் ஒருவர் வருகின்றார். அவர் பேசுவது அவ்வட்டாரத்துப் பேச்சு. ஆங்கிலேயராகிய கிளார்க்சனுக்கே அது புரிவதில்லை. புரிந்தது போல் தலையாட்டுகின்றார். நகைப்பு எழுகின்றது. ஆயினும் அம்முதியவர் தம் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றுமாறு எவரும் சொல்லவுமில்லை. மண்ணோடு ஒட்டிய பேச்சு அப்படியே திரைக்கு வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கதைக்கு வரும்போது வேண்டும்.

மூன்றாவதாகக் கணக்கு. 2019 இலையுதிர் காலத்தில் அங்கே ஓயாத மழை, விதைக்க இயலவில்லை. அடுத்த இளவேனிலில் வறட்சி. அதனோடு கொரோனா முடக்கம். ஆட்டு மயிரைக் கத்தரிக்கும் கூலி அம்மயிரின் விலையைவிட மிகுதியாயிற்று. ஆண்டு முடிவில் சார்லி அயர்லாந்து என்னும் பண்ணை அறிவுரைஞர் கணக்கை எடுத்து வைக்கின்றார். ஆயிரம் குறுக்கத்தில் ஓராண்டு உழைப்பின் ஊதியம் 144 பவுன்! அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 14,000 உருபா. படக்குழு பின்தொடராத உழவர்கள் என்ன செய்வார்கள் என்ற வினாவைக் கிளார்க்சனே அப்போது எழுப்புகின்றார். இந்த ஒரு கணக்கு, வேளாண் பேராசிரியர் பலர் எழுதிய கட்டுரைகள் செய்யாததைச் செய்தது. நகரத்து ஆங்கிலேயனுக்குத் தன் தட்டிலுள்ள அப்பத்தின் விலை முதன்முறையாக உறைத்தது.

இனி அதன் மறுபக்கம். கிளார்க்சனுக்கு 144 பவுன் நகைச்சுவை. அவர் உண்ட உணவு அவ்வூதியத்திலிருந்து வந்ததன்று. வயல் தராததை முகம் தந்தது. பண்ணைக்கடை வாயிலில் மகிழுந்துகள் நீண்ட வரிசையில் நின்றன. அவர் பெயரால் மதுவகை விற்கின்றது. 2024இல் உணவுவிடுதியும் திறந்தார். தோற்றாலும் வெல்லும் உழவு அது. எங்கள் கரிசற்காட்டு உழவனுக்கு அந்த வாய்ப்பு உண்டோ? 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவனின் நிலவுடைமை நிரவலாக 0.75 எக்டேர், இரண்டு குறுக்கத்துக்கும் குறைவு. அவன் மக்காச்சோளம் போட்டான்; 2018இல் படைப்புழு புகுந்து குருத்தைத் தின்றது. உளுந்து போட்டான், பூக்குங்கால் மழையில்லை, காயுங்கால் மழை பெய்தது. எஞ்சியதைக் காட்டுப்பன்றி கிளறிற்று. அவன் விழுந்தால் எவரும் நகைப்பதில்லை. வட்டிக்காரன் மட்டும் வருவான்.

கிளார்க்சனின் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2024 அத்தோபரில் பிரித்தானிய அரசு வேளாண் நிலத்துக்கும் இறப்புரிமை வரி விதிக்கப்போவதாக அறிவித்தது. நவம்பர் 19ஆம் நாள் பல்லாயிரம் உழவர் இலண்டனில் திரண்டனர். கிளார்க்சனும் மேடையேறினார். அவர் நிலம் வாங்கியதற்கு அவ்வரியிலிருந்து தப்புவதும் ஒரு கரணியம் என்று முன்னர் அவரே எழுதியிருந்ததைச் செய்தியாளர் ஒருவர் அன்று சுட்டிக்காட்ட, அவர் சினந்தார். வரிமறுப்பைப் பற்றி எங்கள் வட்டாரத்தார்க்கு எவரும் பாடம் சொல்ல வேண்டா. நெல்லை வரியாகக் கட்ட மறுத்த பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் இங்கிருந்து கூப்பிடு தொலைவு. ஆனால் அவன் மறுத்தது அயலானுக்கு. கிளார்க்சனோ தம் நாட்டரசின் வரியிலிருந்து தப்ப நிலத்துக்குள் ஒளிந்தார். பின்னர் நிலத்துக்கே வரி வந்தவுடன் உழவரின் குரலானார். பெயர்பெற்ற முகத்தை உழவர்கள் தம் கொடியாகப் பிடித்தால் கொடியின் கறையும் சேர்ந்துவரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இப்போது தமிழ்நாட்டிற்கு வருவோம்.

நகரத்து ஆடம்பரக்காரரைச் சிற்றூரில் விட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கத்தை 2003ஆம் ஆண்டிலே அமெரிக்கர் தொடங்கினர். பாரிசு இல்டன் என்னும் பெருஞ்செல்வர் வீட்டுப் பெண்ணையும் அவர் தோழியையும் ஆர்க்கன்சா மாநிலத்துப் பண்ணைக் குடும்பம் ஒன்றில் தங்கவைத்து எடுத்த தொடர் அது. அவ்வச்சில் 2010 அளவிற் கன்னடத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. 2018இல் தமிழில் விசய் தொலைக்காட்சி நகரத்துப் பெண்களைச் சிற்றூருக்கு அழைத்துச்சென்று ஒரு தொடர் நடத்திற்று. அதன் பெயர் என்ன தெரியுமா? 'வில்லா டு வில்லேச்'. தமிழ்நாட்டுச் சிற்றூரிலே, தமிழ் உழவர் வீட்டிலே, தமிழ்ப் பெண்களை வைத்துத் தமிழர் பார்ப்பதற்காக எடுத்த நிகழ்ச்சிக்கு, பெயரில் ஒரு தமிழெழுத்துக்கூட இல்லை! கன்னடத்தார் தம் தொடரின் பெயரிற் பெரும்பகுதியைத் தம் மொழியிலேயே வைத்தனர். பேட்டை என்றும் அள்ளி என்றும் நகருக்கும் சிற்றூருக்கும் தம் சொல்லையே ஆண்டனர். நம்மவர்க்கு ஊர் என்னும் ஓரசைச் சொல் இருந்தும் நா வரவில்லை.

பெயர் கிடக்கட்டும்; உள்ளே இருந்ததென்ன? பணி கொடுத்தல், போட்டி வைத்தல், ஒவ்வொருவராக வெளியேற்றல். சாணம் அள்ள அருவருக்கும் முகத்தை அண்மையிற் காட்டுதல். பின்னணியிற் கூத்தொலி எழுப்புதல். ஊரார் ஓரத்தில் நின்று கைதட்டுவர். தொகுப்பாளர் ஆங்கிலங் கலந்த நடையிற் பேசுவார். கேலப் கூப்பருக்கு ஒத்த ஓர் உழவர் அங்கே ஆசானாக நிற்கவில்லை. செரால்டைப் போல் ஒரு முதியவர் தம் பேச்சைத் தம் போக்கிற் பேசவில்லை. கடைசியிற் கணக்கும் இல்லை. இன்ன பயிர், இத்தனை செலவு, இத்தனை வரவு என்று ஒரு வரியும் எவரும் சொல்லவில்லை. உழவு அங்கே ஆடுகளம். உழவர் ஆடுகளத்துத் தூண்கள். மேலையார் நிகழ்ச்சியின் தோலை நம்மவர் உரித்து எடுத்துவந்தனர். சதையையும் எலும்பையும் அங்கேயே விட்டுவந்தனர்.

இதில் மொழிக்கு என்ன கேடு என்று கேட்பார்க்கு விடை சொல்லும் கடமை எனக்குண்டு.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1902ஆம் ஆண்டு பிப்பிரவரி 7ஆம் நாள் பிறந்தது எங்கள் சங்கரன்கோவிலில். அவர் இளமையில் ஆசிரியப் பணி தொடங்கிய முறம்பு இங்கிருந்து இராசபாளையம் போகும் பக்கத்தில் இருக்கின்றது. அங்கே இன்று பாவாணர் கோட்டம் நிற்கின்றது. தமிழின் தொன்மைக்கும் வளத்துக்கும் சான்று தேடிய அப்பெருமகனார் முதலில் எங்கே போனார்? ஏட்டுச்சுவடிக்கு மட்டுமா? வயலுக்குப் போனார், களத்துக்குப் போனார், தோப்புக்குப் போனார். நெல்லின் அடி தாள், கீரையின் அடி தண்டு, மிளகாய்ச் செடியின் அடி கோல், புதரின் அடி தூறு, கம்பு, சோளத்தின் அடி தட்டை, கரும்பினது கழி, மூங்கிலது கழை. இவ்வாறு பயிருக்குப் பயிர் வேறுபெயர் உண்மையை எடுத்துக்காட்டி, இத்துணை நுணுக்கமாக நிலத்திணையைப் பெயரிட்ட மக்கள் உழவில் எத்துணைக் காலம் ஊறியிருக்க வேண்டும் என்று நிறுவினார். பாவாணரின் கருவூலம் உழவனின் நாக்கு. அந்த நாக்கு வறண்டால் அகரமுதலி எந்த ஊற்றிலிருந்து நீர் இறைக்கும்?

'தமிழ்ச்சொல் வளம்' என்னும் அக்கட்டுரை 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. அதனை வகுப்பில் நடத்தும்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றேன். நூலைத் திறக்குமுன் இச்சொற்களை வாய்விட்டுக் கேட்பேன். எங்கள் ஊர் விசைத்தறி ஊர். தறிகாரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாவும் ஊடையும் தெரியும், தாளும் தட்டையும் தெரியாது. அது குற்றமன்று. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் விழிக்கும்போதுதான் நெஞ்சு கனக்கும். ஓராண்டில், கிழக்கே கரிசற்காட்டுச் சிற்றூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, கம்பந்தட்டை, சோளத்தட்டைம்பாக எங்க ஆச்சி. தாளுன்னா நெல்லுக்குத்தான். ஆனா இப்ப மாடு இல்லைல்லா, தட்டைய யாரும் கட்டுறதில்ல, மிசினே அறைச்சுப் போட்டுருது" என்றாள். அறுவடைப் பொறி தட்டையைத் துகளாக்கிற்று. தட்டை கட்டுதல் நின்றது. கட்டாத பொருளுக்குப் பெயர் எதற்கு? மொழியியல் நூல்கள் பக்கம் பக்கமாக எழுதும் சொல்லிறப்பை அப்பெண் ஒரே மூச்சிற் சொல்லி அமர்ந்துவிட்டாள்.

இவ்வாறு போன சொற்கள் கொஞ்சமா? மேழி, கொழு, நுகத்தடி, பூட்டாங்கயிறு, படைச்சால், கமலை, வாய்மடை, கடைமடை, பொலி, பதர். எங்கள் பக்கத்தில் மண்ணாற் செய்த கூலக் கலத்தைக் குலுக்கை என்பர். இப்போது வீட்டில் அந்தக் குலுக்கையும் இல்லை, அதில் இட்டுவைக்கத் தவசமும் இல்லை. பொறி வந்ததால் கருவி மாறும், கருவி மாறினால் சொல் மாறும், இஃது இயல்பே. கமலையைத் திரும்பப் பூட்டுக என்று நான் சொல்லவில்லை. பழைய சொல் போன இடத்திற் புதிய தமிழ்ச்சொல் வந்து அமரவில்லையே என்பதுதான் என் கேள்வி. பொறியை விற்பவன் சொல்லையும் சேர்த்து விற்றுவிடுகின்றான். உரக்கடையில் உழவன் கேட்டு வாங்கும் மருந்துக்கும் விதைக்கும் தமிழ்ப்பெயர் ஒன்றாவது உண்டா? உறையின்மேல் எழுதியிருப்பதைப் படிக்க இயலாமல் அளவு தவறித் தெளித்துப் பயிர் கருகியவர் உளர். சொல் தெரியாமை அங்கே இலக்கணப் பிழை அன்று, வயிற்றுப் பிழை.

இதனோடு தில்லி அரசின் கொடையையும் சேர்த்துக்கொள்க. 2016இல் வந்த பயிர்க்காப்பீட்டின் பெயர் 'பிரதான் மந்திரி பசல் பீமா யோசனா'. 2019இலிருந்து ஆண்டுக்கு 6,000 உருபா தரும் திட்டத்தின் பெயர் 'கிசான் சம்மான் நிதி'. தன் பயிருக்குத் தான் கட்டும் காப்பீட்டின் பெயரைத் தன் வாயாற் சொல்ல முடியாதவன் உலகில் தமிழுழவன் ஒருவனே அல்லன் என்பது உண்மையே. கன்னடனும் தெலுங்கனும் வங்காளியும் அவ்வாறே திணறுகின்றனர். திணறுவோர் பலராகிவிட்டதால் திணிப்பு முறையாகிவிடுமா? மாறாக, 1999இல் மதுரையில் 'உழவர் சந்தை' தொடங்கப்பட்டது. எழுத்தறியாத மூதாட்டியும் அப்பெயரை முதல் நாளே பிழையின்றிச் சொன்னார். கால் நூற்றாண்டு கடந்தும் அப்பெயர் நிற்கின்றது. 2021இல் துறையின் பெயரும் 'வேளாண்மை – உழவர் நலத்துறை' ஆயிற்று. ஆளுவோர் மனம் வைத்தால் தமிழ் வாயில் நுழையும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தொலைக்காட்சி உழவனை எப்போது காட்டும்? அவன் நடிக்கும்போது காட்டும். வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016ஐ அடுத்து, 2017 மார்ச்சுத் திங்களில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு உழவர் தில்லிச் சந்தர் மந்தரில் அமர்ந்தனர். முறையீடு கொடுத்தனர், எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டையோடுகளை ஏந்தினர், ஒளிப்படக் கருவிகள் வந்தன. எலியை வாயிற் கவ்வினர். இன்னும் பல கருவிகள் வந்தன. நாற்பத்தொரு நாள் இருந்தனர். பின்னரும் சென்று அமர்ந்தனர். அவர்கள்மேல் குறை சொன்னோர் உண்டு. 'இஃதென்ன கூத்து' என்றனர். கூத்தில்லாமல் முகத்தைக் காட்ட மாட்டோம் என்று விதித்தவர் யார்? நடிகர் திரையில் தோன்றுவதற்கு உழவு கற்கின்றார்; உழவர் திரையில் தோன்றுவதற்கு நடிப்புக் கற்க வேண்டியதாயிற்று. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உறக்கம் வராது.

திரைநடிகர் அனைவரையும் நான் ஒரே கோலால் அடிக்கவில்லை. ம.கோ.இரா. 1967இல் 'விவசாயி' என்னும் படத்தில் நடித்தார். தலைப்பு வடசொல்லாயினும் உழவனைத் தலைமகனாக்கிற்று. 2018இல் வந்த 'கடைக்குட்டி சிங்கம்' படத்தில் உழவராக நடித்த கார்த்தி, படம் ஓடி முடிந்ததும் பச்சைத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடவில்லை. 'உழவன்' என்னும் தூய பெயரில் 2019இல் ஓர் அறக்கட்டளை நிறுவி, உண்மையான உழவர்களை மேடையேற்றி விருது வழங்கிவருகின்றார். பெயர்பெற்ற முகம் தான் விலகி நின்று ஒளியை உழவன்மேல் திருப்பலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. பாராட்டத் தகுவதைப் பாராட்டாமல் விடுவது நம் நெறியன்று.

எனினும், உழவு கற்கப்போன ஒருவரின் கதை தமிழர்க்கு வேண்டுமாயின், அதற்கு நடிகர் எதற்கு? நம்மாழ்வார் இருந்தாரே! வேளாண்மைப் பட்டம் பெற்று, 1960களிலே எங்கள் அண்டையூராகிய கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தவர். வானம் பார்த்த கரிசல் நிலத்து உழவனுக்கு அங்கே செய்த ஆராய்ச்சி பயன்படவில்லை என்று கண்டு, அரசு வேலையை உதறி வெளியேறினார். கற்றறிந்தவர் மீண்டும் மாணாக்கராகி, எழுத்தறியா உழவரிடம் மண்ணைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் கற்றார். 2013 திசம்பர்த் திங்களில் மறையும்வரை நடந்துகொண்டேயிருந்தார். அவர் எங்கே பேசினாலும் எளிய தமிழிற் பேசினார். உழவன் சொல்லையே உழவனுக்குத் திருப்பிக் கொடுத்தார். கிளார்க்சனுக்கு எட்டுப் பகுதி எடுத்தவர்கள் அங்கே உளர். நம்மாழ்வார் உயிரோடிருந்த நாளில், ஓராண்டுக் காலம் அவர் பின்னே கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்க நம் தனியார் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கேனும் தோன்றியதா?

அரசுத் தொலைக்காட்சியோ ஒருகாலத்தில் நல்லதொரு பெயரில் நல்லதொரு நிகழ்ச்சி நடத்திற்று: 'வயலும் வாழ்வும்'. அதன் பெயரைச் சொன்னாலே சலிப்பு என்று நகரத்தார் நகையாடினர், நகைத்துணுக்கு எழுதினர். ஆயினும் அதில் வந்தவர் உழவர். பேசியது நோயும் நீரும் விதையும். அந்நிகழ்ச்சி வந்த நிலையம் பின்னர்ப் பொதிகை என்று எங்கள் மலையின் பெயரைத் தாங்கிற்று. தென்றல் பிறக்கும் மலை. தமிழ் பிறந்த மலை என்று புலவர் போற்றிய மலை. 2024 சனவரியில் அப்பெயரையும் நீக்கி 'டிடி தமிழ்' என்றாக்கினர். தமிழ்ச்சொல் ஒன்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்திரண்டும் அவற்றுக்கு வாலாகத் தமிழும். மலையையே பெயர்த்தெடுத்தோர்க்கு ஒரு தட்டை எம்மாத்திரம்!

'ஐயா, சொல்லைப் பற்றியே அழுகின்றீர். உழவன் வயிறு நிறைந்தால் அவன் எந்தச் சொல்லாற் பேசினால் என்ன?' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். அவர் பொதுவுடைமையர், நல்லவர். அவருக்கு நான் சொன்னது இது: வயிறு நிறைவதற்குத்தான் சொல் வேண்டும். எந்த மேகம் கறுத்தால் எத்தனை நாளில் மழை, எந்தப் பட்டத்தில் எது விதைக்கலாம், எந்த மண்ணுக்கு எது ஆகாது என்று பல நூறாண்டு கண்டறிந்ததை உழவன் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. சொல்லிலும் பழமொழியிலும் இட்டு வைத்திருக்கின்றான். செவல் என்ற சொல்லும் கரிசல் என்ற சொல்லும் நிறத்தின் பெயர் மட்டுமல்ல. இன்ன நிலத்தில் இன்னதைப் போடு, இத்தனை நாள் ஈரம் நிற்கும் என்னும் அறிவின் முடிச்சு. சொல் அவிழ்ந்தால் அறிவு சிந்தும். சிந்தியதை நிறுவனங்கள் பொறுக்கிப் பையிலடைத்து, அயற்பெயரிட்டு, அவனுக்கே விலைக்கு விற்கும். நண்பர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, 'விதை முதலாளியைப் பற்றி நீர் சொல்வதை ஒப்புக்கொள்கின்றேன்' என்றார். அதற்குமேல் அவரை நான் நெருக்கவில்லை.

ஆகவே நாம் வேண்டுவது நிகழ்ச்சியே கூடாதென்பதன்று. ஆங்கிலேயர் தொடரிலிருந்து கொள்ளத்தக்கதைக் கொள்வோம். தமிழ்த் தொலைக்காட்சியார் புகழ்முகத்தை உழவுக்கு அனுப்ப விரும்பினால் தாராளமாக அனுப்புக. எங்கள் கரிசலுக்கே அனுப்புக. இரண்டு குறுக்கம் குத்தகைக்குக் கிடைக்கும். ஆனால் மூன்று நாள் படம்பிடித்துத் திரும்புவது ஆகாது. புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுத்து, கோடையுழவு வரைக்கும் இருக்கட்டும். ஆசான் இடத்தில் உள்ளூர் உழவரும் உழத்தியும் நிற்கட்டும். அவர்கள் பேச்சு வெட்டப்படாமல் வரட்டும். நடிகர்க்குப் புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அவர் தம் பையிலிருந்து பணம் எடுக்கக்கூடாது. உழவனுக்குக் கிடைக்கும் வட்டியிற் கடன் வாங்கட்டும். கூட்டுறவு வங்கியிற் காத்திருக்கட்டும். காப்பீட்டுத் தாளைத் தம் கையால் நிரப்பட்டும். விளைந்ததை உள்ளூர் வணிகரிடம் எடைபோட்டு விற்கட்டும். மல்லிகையாயின் விடியுமுன் எங்கள் பூச்சந்தைக்கு வரட்டும். காலையில் ஒரு விலை, பொழுதேறினால் வேறொரு விலை. கடைசிப் பகுதியிற் கணக்கு. ஒளிவுமறைவின்றி, உருபா அணாவோடு. நிகழ்ச்சிக்குப் பெயர் தமிழில்.

அவர்கள் செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. இவ்விதழைப் படிக்கும் அன்பர்களிற் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு சிற்றூரோடு தொடர்புடையவர். அறுபது அகவை கடந்த உழவர் ஒருவரிடமோ உழத்தி ஒருத்தியிடமோ ஒரு மாலைப்பொழுது அமருங்கள். ஒளிப்பதிவு செய்யும் கருவி இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கின்றது. கருவி, மண், நீர், களை, நோய், மாடு, களம் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லுமாறே, திருத்தாமல் எழுதுங்கள். ஊர்ப்பெயரும் வட்டமும் உடன் குறியுங்கள். இலக்கியச் சொல்லாக மாற்றி எழுத வேண்டா. 'ங்கிறது' என்றால் 'ங்கிறது' என்றே இருக்கட்டும். என் மாணவர்கள் சென்ற கோடை விடுமுறையில் இவ்வாறு தொகுத்த சொற்களில் மழையைக் குறிப்பன மட்டும் ஒரு தாள் நிறைய இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் மண்வகைகளை எடுத்துக்கொள்ளவிருக்கின்றோம். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டக்காரர்களிடம் செவலைப் பற்றியும், கிழக்கே பருத்திக்காட்டாரிடம் கரிசலைப் பற்றியும் கேட்பது என்று பிள்ளைகளே பங்கிட்டுக்கொண்டனர்.